இரு மூட்டுகளை இணைக்கும் தசை
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



விழுப்புரம் பேருந்து நிலையத்திலோ திண்டிவனம் கடைவீதியிலோ, ஒரு கையால் தொடையை அழுத்திக்கொண்டே நடக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அவர்களுடைய முன்தொடைத் தசையை முடக்கிவிட்டது. முழங்கால் மடங்கிவிடாதபடி கையே அதைத் தாங்குகிறது.

அந்தத் தசையின் அருமையை அறிய ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு கையைத் தொடையின் முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள். இரண்டு பக்கமும் இறுகும். முன்தசை முழங்காலை நீட்டுவது. பின்தசை அதை மடக்குவது. எதிரெதிரான இரண்டும் ஒன்றாக இழுத்தால் எப்படி எழ முடிகிறது? அமெரிக்கரான லொம்பார்ட் 1903-ல் இதற்கு விளக்கம் தந்தார். இவை இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துக் கடப்பவை. முன்தசைக்கு முழங்காலில் பிடி அதிகம். பின்தசைக்கு இடுப்பில் பிடி அதிகம். ஆகவே இரண்டு மூட்டுகளும் சேர்ந்தே நிமிர்கின்றன. கிணற்று ராட்டினத்தின் மேல் ஓடும் கயிறுபோல, பிட்டத் தசையின் பலத்தை முன்தசை முழங்காலுக்குக் கொண்டுசேர்க்கிறது.

2011-க்குப் பின் நம் நாட்டில் காட்டு போலியோ கிருமி ஒரு குழந்தையையும் முடக்கவில்லை. ஆனால் மூளை முடக்குவாதத்தால் நுனிக்காலில் நடக்கும் பிள்ளைகள் இன்றும் உண்டு. இவர்களில் பலருக்குக் குறுகியிருப்பது கெண்டைக்காலின் மேல்தசை. அது முழங்காலையும் கணுக்காலையும் கடப்பது. முழங்காலை மடக்கினால் அது தளர்ந்து பாதம் மேலே வரும்; நீட்டினால் வராது. திண்டிவனத்து மணிலாக் கொல்லையில் களை எடுக்கும் தாய், "குந்தினால் குதிகால் படுகிறது, நின்றால் தூக்குகிறது" என்று சொன்னால், பாதிப் பரிசோதனையை அவளே முடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

இதைக் கவனிப்பதில் பிள்ளையின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. முழங்காலை மடக்கிவைத்துப் பாதத்தை நீவினால் அந்தத் தசைக்கு நீட்சி போய்ச் சேராது, நீட்டிவைத்தே செய்யவேண்டும். அறுவை தேவையானாலும் குறுகிய தசையை மட்டும் தளர்த்தவேண்டும். குதிகால் நரம்பு முழுவதையும் அளவுக்கு மீறி நீளமாக்கினால் அடித்தசையும் பலமிழக்கும். அப்போது முழங்கால் மடங்கி, கூனிக் குறுகி நடக்க நேரிடும்.

கத்தி ஒரு நாள் வேலை. பயிற்சியோ பல வருஷத்து வேலை. விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966-ல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அந்த வேலைக்காகவே எழுந்தது. நீங்கள் அனுப்பும் காணிக்கையில் பெரும் இயந்திரங்கள் வாங்கவேண்டியதில்லை. ஒரு பாய், ஒரு மேஜை, தாய்க்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கிற ஒரு பயிற்சியாளரின் அரைமணி நேரம், இவை போதும். அந்தப் பிள்ளையின் குதிகால் மண்ணைத் தொடும் நாளில் உங்களுக்கும் பங்குண்டு.