தேதி சொல்லிவிட்டுப் போங்கள்

வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு நேரே வந்து நிற்கிற தம்பிமார்களே! ‘பல்கலைக்கழகமும் தொழிலாளரும்’ என்று எனக்குத் தலைப்பு. பத்து நிமிடம் என்றார் தலைவர். அவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும், நான் உங்களைப் பார்க்கிறேன்.

1908, பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். ஒன்பதே நாள்! கூலி கூடியது, ஞாயிறு லீவு கிடைத்தது. அந்த நாளில் ஒரு வக்கீல் சவரத்துக்கு உட்கார்ந்துகொண்டு வ.உ.சி.யை ஏசினாராம். நாவிதர் கத்தியை மடக்கினார். பாதி முகம் மழித்தபடி, பாதி முகம் தாடியோடு! “மீதியை வேறு ஆளிடம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கிளம்பிவிட்டார். ஊரில் ஒருவரும் அந்த வக்கீலுக்குக் கத்தி எடுக்கவில்லையாம்.

சிரிக்கிறீர்கள். அந்த நாவிதர் எந்தக் கல்லூரியில் படித்தார்? அந்திநேரத்து மைதானக் கூட்டத்தில் படித்தார். வக்கீல் பேர் ஏட்டில் இருக்கிறது. நாவிதர் பேர்? யாருக்காவது தெரியுமா?

குளிர்சாதன அறையில் கருத்தரங்கு நடத்துகிற சிலர் மேடையில் பேசுகிற நம்மை வாய்ச்சொல் வீரர்கள் என்கிறார்கள். ஐயா, வ.உ.சி.க்கு வெள்ளைக்காரன் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தானே, பேசியதற்கு ஒன்று, சிவாவுக்குத் துணைநின்றதற்கு ஒன்று! உங்கள் கட்டுரைக்கு ஒரு நாள் காவலாவது கிடைத்ததா? சரி, விடுங்கள், தலைவர் முறைக்கிறார்.

நம் ஊருக்கு ஆய்வுப் படிவத்தோடு வந்தவர்கள் நூறு பேராவது இருக்கும். உப்பளப் பாத்தியில் நின்று கால் வெடிக்கிறதா, வெயிலில் கண் கூசுகிறதா, கங்காணி கூலியைப் பிடிக்கிறாரா, எல்லாம் கேட்டார்கள். எழுதினார்கள், டாக்டர் ஆனார்கள். ஒருவராவது திரும்பி வந்து, “அம்மா, நீங்கள் சொன்னதில் இது தெரிந்தது” என்றாரா? கடலிலும் இதே கதைதான். 1961-க்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக்குளிப்பே இல்லை. பக்கத்து வேப்பலோடையில் 1973-ல் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். நல்ல காரியம்தான். குளியாள் வீட்டுத் திண்ணைக்கு வந்து அதை விளக்கியது யார்?

ஆய்வை மக்களிடம் கொண்டுவருவது முடியாத காரியமா? பாளையங்கோட்டையில் நா. வானமாமலை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் காத்திராமல் ஆய்வுக்குழு நடத்தினார், 1969-ல் ‘ஆராய்ச்சி’ என்று இதழே தொடங்கினார். இன்று நெல்லையில் 1990 முதல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வ.உ.சி. பேரில் ஆய்விருக்கை என்று 2021-ல் அரசு அறிவித்தது. தட்டுங்கள் கையை! ஆனால் அதன் முதல் வேலை என்ன என்று நான் சொல்கிறேன். அந்த நாவிதர் பேரைத் தேடட்டும். மில்லுக்குப் போன பெண்கள் பேரைத் தேடட்டும். இரண்டாவது வேலை, ஐப்பசி கார்த்திகையில் மழை விழுந்து அளத்தில் வேலை நிற்கும்போது, வகுப்பை இங்கே கொண்டுவரட்டும். எழுதிய ஆய்வைத் தமிழில் வாசிக்கட்டும். தப்பிருந்தால் உப்பு வாறுகிற எங்கள் அக்காமார் திருத்துவார்கள்.

தாய்மார்களே, இனி யாராவது படிவம் நீட்டினால், திரும்பி வரும் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பதில் சொல்லுங்கள்.