தானாக வெடிக்கும் கூரைக் கண்ணாடி

கல் எதுவும் விழவில்லை. ஆனால் ஓடும் காரின் சன்ரூஃப் கண்ணாடி படாரென்று வெடித்துச் சிதறுகிறது. அமெரிக்காவில் இப்படிப் பல புகார்கள் பதிவாகியிருக்கின்றன.

காரணம், கண்ணாடியின் தயாரிப்பிலேயே இருக்கிறது. சுமார் 620 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றால் குளிரவைத்து இதை உறுதியாக்குகிறார்கள். அப்போது மேற்பரப்பு இறுகி அழுந்துகிறது. உள்ளே இழுவிசை தேங்குகிறது. விளிம்பில் விழுந்த சிறு கீறலோ, உள்ளே சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகளோ அந்தச் சமநிலையைக் குலைத்தால் முழுக் கண்ணாடியும் நொறுங்கும். அந்தத் துகள் காலப்போக்கில் மெல்ல விரிவடையும் தன்மை உடையது. அதனால்தான் கண்ணாடி பொருத்திப் பல மாதங்கள் கழித்தும் உடைகிறது.

வெடித்தால் பதறாதீர்கள். பிரேக்கைத் திடீரென்று மிதிக்காமல், வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். சன்ரூஃபின் உள்திரை மூடியிருந்தால் திறக்காதீர்கள். துண்டுகள் தலையில் கொட்டும். உடனே படம் எடுத்து, சில துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

புதுக் கார் வாங்குவோர், சன்ரூஃபில் லேமினேட்டட் கண்ணாடி உண்டா என்று கேளுங்கள். அது உடைந்தாலும் நடுவிலுள்ள பிளாஸ்டிக் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். கார் ஓடும்போது உள்திரையை மூடியே வையுங்கள்; குழந்தைகள் பின்னால் இருந்தால் கட்டாயம் மூடுங்கள்!