பூட்டிய ஆலயமும் காத்த திறவுகோலும்



ஐக்கிய அமெரிக்காவின் கீழ்க்கரையிலே றோட் ஐலண்ட் என்னும் சிறிய மாநிலம் ஒன்றுண்டு. அதன் துறைமுக நகராகிய நியூப்போட்டில், தெருவின் ஒழுங்கோடு பொருந்தாது சற்றே திரும்பி நிற்கும் கட்டடம் ஒன்றைக் காணலாம். கட்டியவர் கை பிழைத்ததோ என்று வழிப்போக்கர் எண்ணக்கூடும். பிழை அன்று. வேதச் சுருள்களைக் கொண்ட பேழை கிழக்கே அமைந்து, தொழுவோர் முகம் ஜெருசலேமை நோக்கவேண்டும் என்பதற்காகவே அது அவ்வாறு திரும்பியிருக்கின்றது. அமெரிக்காவில் இன்று நிலைத்திருக்கும் யூதர் தொழுகைக்கூடங்களுள் மிகப் பழையது இதுவே. தூறோ தொழுகைக்கூடம் என்பது இதன் பெயர்.

பிறேசிலில் ஒல்லாந்தர் ஆட்சி வீழ்ந்து போர்த்துக்கேயர் ஆட்சி மீண்டபோது, அங்கிருந்து ஓடிவந்த 23 யூதர், பின்னர் நியூயோர்க் எனப் பெயர்பெற்ற ஊரை 1654ஆம் ஆண்டில் அடைந்தனர். அவ்வூர் ஆளுநர் அவர்களை வெளியேற்ற முயன்றார். ஒல்லாந்தக் கம்பனியோ மறுவாண்டில் தங்க அனுமதித்தது. அங்கு எழுந்த சபையே ஷெயாரித் இஸ்ரவேல். நியூப்போட்டில் குடியேறியோர் 1677இல் முதன்முதல் விலைகொண்ட நிலம் தொழுகைக்கன்று, இடுகாட்டுக்கே. தொழுகைக்கு ஒரு வீடு போதும். இறந்தோரை அடக்கவோ சொந்த நிலம் வேண்டும் அன்றோ?

பீற்றர் ஹரிசன் என்னும் கட்டடக்கலைஞர் வகுத்த திட்டப்படி 1759இல் தொடங்கிய ஆலயம் 1763இல் நிறைவெய்தியது. புறத்தே எளிமை, அகத்தே பேரழகு. பெண்டிர் அமரும் மேன்மாடத்தைப் பன்னிரு தூண்கள் தாங்குகின்றன. அவை இஸ்ரவேலின் பன்னிரு கோத்திரங்களைக் குறிப்பன என்பர்.

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் கவனித்தல் வேண்டும். சமய சுதந்திரத்துக்குப் பேர்போன குடியேற்றம் றோட் ஐலண்ட். ஆயினும், இவ்வாலயத்துக்கு அடிக்கல் நாட்டியவருள் ஒருவராகிய ஆரோன் லோப்பஸ் என்னும் வணிகர் 1762இல் குடியுரிமை கேட்டபோது, அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதால் அது மறுக்கப்பட்டது. அவர் அயலிலுள்ள மசச்சூசெற்சுக்குச் சென்றே அவ்வுரிமையைப் பெற்றார். தொழுவதற்கு இடமுண்டு, குடிமகனாவதற்கு இடமில்லை என்பதே அன்றைய நிலை.

இதனாலேதான் 1790ஆம் ஆண்டு நிகழ்ச்சி பொருளுடையதாகின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் நியூப்போட்டுக்கு வந்தார். சபையின் சார்பில் மோசஸ் செய்சாஸ் வரவேற்புமடல் அளித்தார். அதற்கு வாஷிங்டன் எழுதிய மறுமொழியின் சாரம் இது: சமய சுதந்திரம் ஒரு சாரார் மறுசாராருக்கு இரங்கி அளிக்கும் சலுகை அன்று, அது யாவர்க்கும் இயல்பாக உரியது. பொறுத்துக்கொள்ளப்படுவதற்கும் உரிமையோடு வாழ்வதற்கும் உள்ள பெரும் வேற்றுமையை அம்மடல் நமக்குக் காட்டுகின்றது.

ஆனால் மடல் வந்த காலத்திலேயே சபை தேய்ந்துகொண்டிருந்தது. விடுதலைப் போரில் ஆங்கிலப்படை 1776 முதல் 1779 வரை நகரைப் பிடித்திருந்தமையால் துறைமுக வாணிகம் சீரழிந்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. 1822இல் எஞ்சியிருந்த இறுதி யூதரும் நியூயோர்க் சென்றார். ஆலயம் பூட்டப்பட்டது, ஷெயாரித் இஸ்ரவேல் சபை அதன் பொறுப்பை ஏற்றது. முன்னாட் குருவாகிய ஐசாக் தூறோவின் மைந்தர் ஆபிரகாம், அதே ஆண்டில் இறந்தபோது, ஆலயப் பராமரிப்புக்கென 10,000 டொலரை மரணசாதனத்தில் எழுதிவைத்தார். தொழுவார் இல்லாத ஆலயத்துக்குப் பொருள் வைத்த அச்செயலை என்னென்பது!

1852இல் அவ்விடுகாட்டைக் கண்ட கவிஞர் லோங்பெல்லோ ஒரு கவிதை பாடினார். போன வாழ்வு இனித் திரும்பாது என்ற இரக்கமே அதில் ஒலிக்கின்றது. கவிஞர் எண்ணம் பொய்த்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர் 1880களில் நியூப்போட்டுக்கு வரலாயினர். 1883இல் கதவு மீண்டும் திறந்தது.

காத்தவர்க்கும் தொழுவார்க்கும் இடையே பிற்காலத்தில் வழக்கும் எழுந்தது. சபைக்குரிய பழைய வெள்ளி அணிகளை விற்க நியூப்போட் சபையினர் முனைந்தபோது, ஆலயமும் அணிகளும் யாருடையவை என்ற வினா பிறந்தது. அவை நியூயோர்க் சபைக்கே உரியன என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் தீர்த்தது.

உடைமை யாருடையதாயினும் ஓர் உண்மை மாறாது. அறுபது ஆண்டு வெறுமையாயிருந்த வீட்டை ஒருவர் பொருளாலும் ஒருவர் பொறுப்பாலும் காத்தமையாலேயே, பின்வந்தவர் நுழைய ஒரு வாயில் இருந்தது.