இருபதுக்கு நான்கு குறைய



ஆப்பிரிக்கப் பள்ளிகளின் மொழிச் சிக்கலைப் பேசக் கூடியிருக்கிறோம். ஒரு கண்டத்தையே ஓர் உரைக்குள் அடக்க முடியாது. நைஜீரியாவின் இஃபே நகரிலிருந்து தொடங்குகிறேன்.

1970இல் இஃபே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பாப்ஸ் ஃபாஃபுன்வா ஒரு முயற்சியைத் தொடங்கினார். ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளும் அவர்களின் தாய்மொழியான யொருபாவழிக் கல்வி. ஆங்கிலம் தனிப் பாடம். அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் அதை நடத்தினார். மற்றொரு பிரிவு வழக்கம்போல மூன்றாண்டு யொருபாவில் படித்து, நான்காம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறியது. முடிவில் யொருபாவழிப் பிள்ளைகளே முந்தி நின்றார்கள். ஆங்கிலத்திலும் அவர்கள் பின்தங்கவில்லை.

தாய்மொழி குழந்தைக்கு என்ன தருகிறது என்று அறிய, யொருபா எண்ணுப்பெயர்களைக் கவனியுங்கள். பதினாறைக் குறிக்கும் சொல்லுக்கு 'இருபதுக்கு நான்கு குறைய' என்று பொருள். ஐம்பது, அறுபதுக்குப் பத்து குறைய. நாற்பத்தைந்தோ, அந்த ஐம்பதுக்கும் ஐந்து குறைய. பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே கழித்தலை நாவில் சுமந்து வரும் குழந்தையிடம் 'சிக்ஸ்டீன்' என்று ஓர் ஒலியைக் கொடுத்து, முதலிலிருந்து எண்ணச் சொல்கிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் ஆறுவதில்லை.

தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளும் தாய்மொழியில் என்ற கொள்கைக்கு 2022இல் நைஜீரிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பாடநூல்களும் ஆசிரியர்களும் தயாரான பிறகே அது முழுமையாக நடைமுறைக்கு வரும் என்று அன்றே சொன்னார்கள். 2025 நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். பொதுத் தேர்வுத் தோல்விகளைக் காரணம் காட்டினார்கள். 2025இல் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய பிள்ளை, 2022க்கு முன்பே தொடக்கப் பள்ளியை முடித்துவிட்டது. அந்தத் தோல்வியை இந்தக் கொள்கையின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

பெற்றோர் ஆங்கிலத்தை நாடுகிறார்களே என்பார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாய்மொழிக் கல்வியின் மீதான ஐயத்துக்குப் பின்னே வரலாறும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1953ஆம் ஆண்டின் பான்டு கல்விச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளை ஒதுக்கிவைக்கத் தாய்மொழியையே வேலியாக்கியது. பிறகு ஆட்சியாளர்கள் ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் பாடமொழியாகத் திணித்தார்கள். 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ மாணவர்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கி, குண்டடிபட்டார்கள். அந்த வடு உள்ள வீட்டில் 'தாய்மொழி' என்றாலே சந்தேகம் எழும். அங்கே நாம் தரவுகளோடு மட்டும் போனால் போதாது. நல்ல பாடநூலோடு போக வேண்டும், மேல்படிப்புக்கு வழியடைக்காத தேர்வுமுறையோடு போக வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. லாகோஸ் வகுப்பறை ஒன்றில் யொருபா, இக்போ, ஹௌசா பேசும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ஆசிரியர் எந்த மொழியில் தொடங்குவது? யொருபா ஊரான இஃபேயில் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. முதல் அமர்வை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.