உருகாத ரப்பர்

தாராவியில் இருப்பவர்களுக்குப் பதின்மூன்றாம் காம்பவுண்டைத் தெரியாமல் இருக்காது. மும்பையின் பல மூலைகளிலிருந்தும் பங்கார் அங்கே வந்து சேருகிறது. உடைந்த வாளி, எண்ணெய் டப்பா, நாற்காலி எல்லாம் வருகின்றன. தொழிலாளர்கள் அவற்றை வகை பிரிக்கிறார்கள். மிஷினில் போட்டு நொறுக்குகிறார்கள். கழுவிக் காய வைக்கிறார்கள். பிறகு உருக்கி, கம்பியாக இழுத்து, சிறு மணிகளாக வெட்டுகிறார்கள். அந்த மணிக்குத்தான் 'தானா' என்று பெயர். தானாவிலிருந்து புதிய வாளி பிறக்கிறது.

ஆனால் ஒரு பொருள் மட்டும் இந்த வழிக்கு வராது. அதன் பெயர் சிலிகான்.

சிலிகான் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். வெள்ளைக் குக்கர் கேஸ்கட், பால் புட்டியின் ரப்பர், சில செல்போன் உறைகள், கேக் அச்சு ஆகியவை பெரும்பாலும் சிலிகான். ஆஸ்பத்திரிக் குழாய்களிலும் ஜன்னல் இடுக்கில் பூசும் பசையிலும் கூட அது உண்டு. சூட்டைத் தாங்கும். தண்ணீருக்கும் வெயிலுக்கும் எளிதில் கெடாது. அதனால்தான் அதற்கு இத்தனை மதிப்பு.

அது ஏன் உருகாது? சமையலறையைப் பாருங்கள். வெல்லத்தைச் சூடாக்கினால் உருகும். ஆறினால் மறுபடி கட்டியாகும். வாளி பிளாஸ்டிக் அப்படிப்பட்டது. மாவு இட்லியாக வெந்து விட்டால் என்ன ஆகும்? எவ்வளவு சூடாக்கினாலும் அது திரும்ப மாவாகாது. சிலிகான் ரப்பர் இட்லியைப் போன்றது. அதன் உள்ளே நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வலை போல நிற்கின்றன. வலை உருகாது. மிகவும் சூடாக்கினால் எரிந்து வெண்சாம்பலாகும்.

அதனால் சிலிகான் துண்டு தானாவில் கலந்தால் சரக்கின் தரம் கெடும். வேலைக்கு ஆகாது என்று குப்பையில் போடுகிறார்கள். குப்பை எரிந்தால் புகை வரும். அந்தப் புகை போவது பக்கத்தில் நிற்பவர்களின் நெஞ்சுக்குள்தான்.

சிலிகான் எதிலிருந்து வருகிறது? வெள்ளைக் கல்லான குவார்ட்ஸிலிருந்து வருகிறது. கல்லையும் கரியையும் மின்சார உலையில் சுமார் 2000 டிகிரி சூட்டில் வைத்தால் சிலிக்கான் என்ற தனிமம் கிடைக்கும். அதை வேறு ரசாயனங்களோடு சேர்த்து மூலப்பொருள் தயாரிக்கிறார்கள். அதிலிருந்து சிலிகான் ரப்பர் வருகிறது. இவ்வளவு கரியும் மின்சாரமும் செலவழித்துச் செய்த பொருளைக் குப்பையில் எறிவது எத்தனை நஷ்டம்!

சிலிகானைத் தூளாக்கி வேறு பொருளில் கலப்பது ஒரு வழி. அப்போது அதன் தரம் குறைந்து விடும். இன்னொரு வழி, சங்கிலியை ரசாயனத்தால் அறுப்பது. பழைய முறைகளில் அதற்குக் கடும் அமிலமோ காரமோ வேண்டும். பலவற்றுக்கு அதிகச் சூடும் வேண்டும்.

2025 ஏப்ரலில் ஒரு நல்ல செய்தி வந்தது. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகர விஞ்ஞானிகள் மென்மையான ஒரு முறையை 'சயன்ஸ்' என்ற ஆய்வு இதழில் வெளியிட்டார்கள். சிலிகான் கழிவோடு போரான் டிரைகுளோரைடு என்ற பொருளைச் சேர்த்தார்கள். காலியம் என்ற உலோகம் அடங்கிய ஓர் ஊக்கியையும் சேர்த்தார்கள். ஊக்கி என்பது தான் செலவாகாமல் வேலையை விரைவாக்குவது. வெறும் 40 டிகிரிச் சூடு போதுமாக இருந்தது. அது கோடை வெயிலின் சூடுதான். கிடைக்க வேண்டிய மூலப்பொருளில் 97 சதவீதம் வரை திரும்பக் கிடைத்தது. இட்லி மறுபடி மாவானது போலத்தான்! அந்த மூலப்பொருளிலிருந்து மறுபடி புதிய சிலிகான் செய்யலாம். 2000 டிகிரி உலை தேவையில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். சூடுதான் குறைவு, ஆபத்து குறைவில்லை. போரான் டிரைகுளோரைடு நச்சு வாயு. ஈரம் பட்டால் அமிலப் புகை விடும். வீட்டிலும் கொட்டகையிலும் இதைச் செய்து பார்க்கவே கூடாது. மூடிய பாத்திரமும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். அத்தகைய படிப்புக்குப் பெயர் பெற்ற ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் தாராவிக்கு அருகே மாட்டுங்காவிலேயே இருக்கிறது. 1933-இல் தொடங்கியது அது. ரசாயன ஆலைகளோ செம்பூர் பக்கம் இருக்கின்றன. படித்தவரும் ஆலையும் தொழிலாளியும் சில மைல் தூரத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

எந்த ஆலை வந்தாலும் முதல் வேலை பிரிப்பதுதான். தொட்டுப் பார்த்தும் இழுத்துப் பார்த்தும் பொருளைச் சொல்லும் கை தாராவியில் இருக்கிறது. அந்தக் கைத்திறனுக்கு உரிய கூலி கிடைக்க வேண்டாமா?

அதற்கு இப்போதே மூன்று காரியம் செய்யலாம். சிலிகானைத் தனிச் சாக்கில் போடுங்கள். அதைக் கொளுத்தாதீர்கள், கொளுத்திச் சோதிக்கவும் வேண்டாம். சாக்கின் எடையையும் தேதியையும் உங்கள் கையாலேயே நோட்டில் எழுதி வையுங்கள். வாங்க வருபவர் எடையைக் குறைத்துச் சொன்னால், நோட்டை எடுத்துக் காட்டுங்கள். கற்ற எழுத்து அன்றைக்குச் சோறு போடும்.