ஆளுநரின் பெயரால்

(மன்றத்தின் திங்கள் கூட்டமொன்றில் வழக்குரைஞர் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இம்மன்றத்தின் பின்வரிசையில் அமர்ந்து கேட்டு மகிழ்ந்து வந்தவன் நான். "உமது தொழிலைப் பற்றிப் பேசும்" என்று செயலாளர் பணித்தபோது திகைத்தேன். சாலை, பாலம், பள்ளிக் கட்டடம், விடுதிக்கு அரிசி என்று அரசு பிறரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் எழும் பிணக்குகளே என் பிழைப்பு. வழக்குரை காதையைச் சுவைத்த அவையில் பொதுப்பணியின் அளவுப் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதா என்னும் தயக்கம் இன்னும் நீங்கவில்லை. ஆயினும் ஒரு சொல் இடம் மாறினால் பொருள் மாறும் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். எங்கள் தொழிலில் பணமும் மாறும்.

அரசு என்பது யார்? வாய் உண்டா, கை உண்டா? நமது அரசமைப்புச் சட்டத்தின் 299ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகிறது. மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநரால் செய்யப்படுவதாக எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கென அதிகாரம் பெற்றவர், விதித்த முறைப்படி, ஆளுநர் சார்பில் கையொப்பமிட வேண்டும். ஆனால் ஆளுநரோ கையொப்பமிட்டவரோ தனிப்பட்ட முறையில் பொறுப்பாளி ஆவதில்லை. பேசுபவர் ஒருவர், பெயர் மற்றொருவருடையது, கடன் இருவருக்கும் இல்லை! இவ்விதி அரசின் கருவூலத்தைக் காக்க எழுந்தது, அது வேண்டியதே. அதிகாரி வாய்திறந்த போதெல்லாம் கருவூலம் கடன்படலாமா? எனினும் அந்த வாய்ச்சொல்லை நம்பிச் செங்கல் வாங்கியவன் கதி என்ன?

இவ்வினாவுக்கு உச்சநீதிமன்றம் விடையளித்த வழக்கு ஒன்றை, நான் கதைபோலப் பலமுறை சொல்லியிருக்கிறேன். 1944இல் வங்காளத்தில் மண்டல் என்னும் ஒப்பந்தக்கார நிறுவனத்தார், குடிமைப் பொருள் துறை அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி, ஆரம்பாக்கில் ஒரு மண்சாலையும் சில அறைகளும், கானாகுல் என்னும் ஊரில் பண்டகக் கொட்டகைகளும் அமைத்தார்கள். முறையான ஒப்பந்தம் இல்லை. அன்றிருந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விதி உண்டு. பணி முடிந்தது, அரசு கொட்டகைகளைப் பயன்படுத்திக்கொண்டது, 19,325 ரூபாயைக் கேட்டபோது, ஒப்பந்தமே செல்லாது என்றது. 1961 டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் செல்லாதுதான் என்று ஒப்புக்கொண்டார் நீதிபதி கஜேந்திரகட்கர். ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு இருக்கிறதே! இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவன் முறையாகச் செய்ததன் பயனைத் துய்த்தவன், ஈடு தர வேண்டும். வேண்டாமென்றால் கொட்டகையை மறுத்திருக்கலாம்; ஏற்றுக்கொண்டபின் கைவிரிக்க வழியில்லை. செல்லாத ஒப்பந்தத்தின் வழியாக அன்று, துய்த்த பயனின் வழியாகவே அந்தக் கடன் பிறந்தது.

இதே விதி வேறு முகமும் காட்டும். இராணுவச் சிற்றுண்டிச்சாலைகளுக்குப் பீடி வழங்கிய நிறுவனத்தின் பங்காளி ஒருவர் தேர்தலில் வென்றார். அரசோடு ஒப்பந்தம் உடையவர் என்று எதிர்ப்பு எழுந்தது. முறைப்படி எழுதப்படாததால் அது ஒப்பந்தமே அன்று என்று வாதிட்டார். 1954இல் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பாவம், பீடி பதவியைப் புகைத்துவிட்டது.

இனி என் கணக்கு. நான் தொழிலுக்கு வந்த புதிது. மேஸ்திரியாக இருந்து ஒப்பந்தக்காரரான முதியவர் ஒருவர் வந்தார். வெள்ளத்தில் உடைந்த சிறுபாலத்தை, "உடனே போடுங்கள், எழுத்து பின்னால் வரும்" என்ற ஓர் அதிகாரியின் சொல்லை நம்பிக் கட்டி முடித்தவர். மனைவியின் நகை அடகில் இருந்தது. 70ஆம் பிரிவு கையில் இருக்கிறது என்னும் செருக்கு எனக்கு. அதிகாரியைப் பகைத்தால் அடுத்த வேலை கிடைக்காது என்று அவர் அஞ்சினார். ஆகவே வழக்கறிவிப்பு அனுப்பாமல், பணிவான கடிதங்கள் எழுதித் தந்தேன். நல்ல தமிழில்தான் எழுதினேன். ஒன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லை. "பார்க்கலாம்" என்று வாய்மொழியாக மட்டும் வரும். பணி முடிந்து மூன்றாண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். நாம் எழுதும் கடிதம் அந்தக் காலத்தை நீட்டாது. எதிர்த்தரப்பு அக்காலத்துக்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் நீளும். இது எனக்குத் தெரியாததன்று. ஆனால் பாலம் முடிந்த நாளை அவரிடம் நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. வழக்கிட்டபோது நான்கு மாதம் கடந்திருந்தது. தள்ளுபடியாயிற்று.

தீர்ப்பன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவர் முகத்தைப் பார்க்க இயலாமல் நின்றேன். "பாலம் இருக்குல்ல தம்பி, பஸ் போகுதுல்ல" என்றார். என் கட்டணத்தில் மீதி இருந்ததை அடுத்த வாரமே கொண்டுவந்து கொடுத்தார். வாங்க மறுத்தேன், மேசைமீது வைத்துவிட்டுப் போனார்.

1998இல் தமிழகத்தில் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைக்கெனத் தனிச்சட்டமே வந்துவிட்டது. இன்று புள்ளிகள் கணினி வழியே கோரப்படுகின்றன. இருந்தும், வாய்ச்சொல்லை நம்பிப் பாலம் கட்டியவர்கள் என் படியேறி வரத்தான் செய்கிறார்கள். அவர்கள் அமர்ந்ததும் பெயரைக்கூடக் கேட்பதற்கு முன், வேலை முடிந்த தேதியைக் கேட்டுக் கட்டின் மேலுறையில் சிவப்பு மையால் எழுதிக்கொள்கிறேன்.