பினாங்கில் பார்த்ததும் நம் தெருவில் செய்ய வேண்டியதும்





பொன்விழாவை ஒட்டி நம் சங்கக் குடும்பங்கள் பினாங்கு போய் வந்ததைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்து, அத்தாவின் துணிக்கடையில் உட்கார்ந்தவன் நான். ஒரு வியாபாரியின் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

ஜார்ஜ்டவுனில் முதலில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியது 1786-இல். பதினைந்தே ஆண்டுகளில், 1801-இல், கிழக்கிந்தியக் கம்பெனி இந்தப் பள்ளிக்கு 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. பள்ளியை நிறுவியவர் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகர் காதர் முகைதீன். நம் மக்களுக்குத் தலைவராக இருந்ததால் அவருக்குக் ‘கப்பித்தான்’ பட்டம். பக்கத்தில் கம்போங் கோலத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. அங்கே ஃபாத்திஹா ஓதினோம்.

பிறகு சூலியா தெருவுக்கு நடந்தோம். சூலியா என்றால் நம்மவர்கள்தான். தெருவின் பெயரே நமக்குச் சாட்சி. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை நினைவாகக் கட்டிய தர்கா அங்கே இருக்கிறது. அதன் வெளிச்சுவரை ஒட்டியே சின்னச் சின்னக் கடைகள். இபாதத்தும் வியாபாரமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்வதைப் பார்த்ததும் நம் மஸ்ஜித் இந்தியா நினைவுக்கு வந்தது.

2008-இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதனால் கட்டடங்களுக்குக் காவல் கிடைத்தது. ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இன்னொன்று நடந்துவிட்டது. 1948-க்கு முன் கட்டிய வீடு, கடைகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000-ஆம் ஆண்டோடு இல்லாமல் போனது. வாடகை ஏறியது. தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. சுவர் இருக்கிறது, அதற்குள் வாழ்ந்தவர்கள் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன்? 1863-இல் நம் முன்னோர் சிறிய பள்ளியாகத் தொடங்கியது மஸ்ஜித் இந்தியா. அதைச் சுற்றி வளர்ந்த கடைகளில் நம்மில் பலர் இன்றும் வாடகைக்காரர்கள். என் கடையின் ஒப்பந்தமும் அடுத்த ஆண்டு முடிகிறது. நாளை நாம் இடம் மாறினால், இங்கே இருந்தோம் என்று எந்தச் சுவர் சொல்லும்?

திரும்பும் வழியில் பேருந்தில் என் மகள் கேட்டாள்: “அத்தா, கப்பித்தான் எந்த ஊர் என்று தெரிந்துவிட்டது. நம்ம பூட்டனார் எப்படி வந்தார்?” ரஜூலா கப்பலில், நாகப்பட்டினத்தில் ஏறி வந்தார் என்றேன். என் அத்தா வாய்மொழியாகச் சொன்னது அவ்வளவுதான். காட்டுவதற்குக் காகிதம் ஒன்றும் இல்லை.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பழைய பாஸ்போர்ட், பேரேடு, ரசீதுப் புத்தகம், கடைத் திறப்பு விழாப் படம் எல்லாவற்றையும் கொண்டு வரச் சொல்லுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரியவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யும் வேலையை எங்கள் வயதுக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறோம். முதல் பதிவு என் அத்தாவுடையது. அவர்களுக்கு வயது எழுபத்தாறு. அடுத்த வாரமே தொடங்குகிறேன்.

நம் முன்னோரின் உழைப்பை அல்லாஹ் கபூல் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.